எந்த ஆயில் ஊற்றுவது? – பழைய டீசல் ஜீப்பும் பேரிங் தேய்மானமும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பாயசத்தோடு சாப்பாடு போட்டு முடித்த கையோடு என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். செயலாளர் ஹாஸ்டல் காலத்துப் பழைய கணக்கு எதையோ தீர்த்துக்கொள்கிறார் என்று நினைக்கிறேன். தூங்குகிறவர்கள் தாராளமாகத் தூங்கலாம். குறட்டைச் சத்தம் மட்டும் பேரிங் சத்தம் மாதிரி இருந்தால் நான் பேச்சை நிறுத்திவிட்டு உங்களிடம் வந்துவிடுவேன், பழக்க தோஷம்.

போன வருடக் கூட்டத்தில்தான் இந்தத் தலைப்பு பிறந்தது. ராத்திரி ஹாஸ்டல் வராந்தாவில் நான்கைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். ஒருவர் தென்னந்தோப்புக்காக ஒரு பழைய எம்.எம். 540 ஜீப் வைத்திருக்கிறார். இன்னொருவர் குன்னூரில் இருக்கிறார், அவரிடமும் ஒரு ஜீப். மூன்றாமவர் ஆஸ்திரேலியாவில் மகனோடு சேர்ந்து 80 வரிசை லேண்ட் குரூசர் ஒன்றை வாங்கிச் சீர்படுத்திக் கொண்டிருக்கிறார். மூன்று பேருக்கும் ஒரே கேள்வி: என்ன ஆயில் ஊற்றுவது? ஒருவர் 20டபிள்யூ-50 என்றார். ஒருவர் ஃபுல் சிந்தெட்டிக் என்றார். இன்னொருவர், "போடா, டிராக்டர் ஆயில்தான் இரும்புக்கு உரம்" என்றார். மணி ஒன்றைத் தாண்டியும் சண்டை ஓயவில்லை. கடைசியில் என்னைப் பார்த்து, "நீ முப்பது வருஷம் இதிலேயே குப்பை கொட்டினவன், சொல்லுடா" என்றார்கள். அன்றைக்குத் தூக்கம் வருகிறது என்று தப்பித்துவிட்டேன். இன்றைக்குத் தப்பிக்க முடியவில்லை.

பதில் சொல்வதற்கு முன்னால் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லவேண்டும். பெருமைக்குரிய கதை இல்லை.

1983-ல் நான் ஆனைமலைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் என்ஜினியராக இருந்தேன். தொழிற்சாலை மெஷின்கள், ஜெனரேட்டர், லாரி, டிராக்டர், ஜீப் எல்லாம் என் பொறுப்பு. எஸ்டேட் பெயர், வண்டியின் கம்பெனிப் பெயர் இரண்டும் வேண்டாம். நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய டீசல் ஜீப், அது போதும். ஆளியாறிலிருந்து மேலே வருகிற 40 கொண்டை ஊசி வளைவுகளை அது வாரத்தில் மூன்று நாள் ஏறி இறங்கும். டிரைவருக்கு என்னைவிட இருபது வயது கூடுதல். நான் அவரை 'அண்ணே' என்பேன், அவர் என்னை 'சார்' என்பார். மற்றவர்களுக்கெல்லாம் நான் சின்னத் துரை.

ஒருநாள் வண்டி ஏற்றத்தில் 'டக் டக்' என்று அடிக்க ஆரம்பித்து, ஷெட்டுக்கு வந்து சேருவதற்குள் சத்தம் ஊரைக் கூட்டிவிட்டது. சேம்பரைக் கழற்றிப் பார்த்தால் மூன்றாவது பிக் எண்ட் பேரிங் போயே போய்விட்டது. மற்ற மூன்றும் போகிற வழியில் இருந்தன. கிராங்கைப் பொள்ளாச்சிக்கு அனுப்பி கிரைண்டிங் செய்து, பத்து தவுசண்ட் அண்டர் சைஸ் பேரிங் போட்டுச் செலவு 1,850 ரூபாய். பெரிய துரை கேட்டது ஒரே கேள்வி: "ஆயிலா, டிரைவரா?" ஏதாவது ஒன்றின் பேரைச் சொல்லவேண்டும்.

டிரைவர் என்னிடம் ஒரு விஷயம் சொன்னார். "சார், நான் ஆயில் பாக்காம ஓட்டினதே இல்ல. இந்த வண்டில ரெண்டு மாசமா ஆயில் கொறையவே இல்ல, கூடுது." நான் சிரித்தேன். வண்டி சரிவில் நிற்கும்போது டிப் ஸ்டிக்கைப் பார்த்தால் அளவு ஏறித்தான் தெரியும் என்று அவருக்கே பாடம் எடுத்தேன். எஸ்டேட்டில் சமதளம் எங்கே இருக்கிறது? காரணம் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. 'ஆயில் அளவைக் கவனிக்கத் தவறியதால் பேரிங் சேதம்' என்று ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தேன். அவருக்கு ஒரு மெமோ. 600 ரூபாய் பிடித்தம், மாதம் 50 வீதம். ஜீப்பிலிருந்து இறக்கி இலை லாரியில் போட்டார்கள். இருக்கட்டும் என்று நான் ஆயிலையும் மாற்றினேன். ஹெச்.டி. 30 ஊற்றிக்கொண்டிருந்த வண்டிக்கு ஹெச்.டி. 40.

கதையின் மீதியைப் பிறகு சொல்கிறேன். இப்போது பேரிங் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். மெக்கானிக்கல் அல்லாத நண்பர்களுக்காகவும், மெக்கானிக்கல் படித்தும் மறந்துபோனவர்களுக்காகவும்!

பேரிங் என்றதும் பலருக்குக் குண்டு உருளுகிற பால் பேரிங் ஞாபகம் வரும். என்ஜினுக்குள்ளே கிராங்க்கைத் தாங்குவது அதுவல்ல. இரண்டு அரை வட்டத் தகடுகள், ஷெல் என்போம். வெளியே எஃகு, அதன்மேல் செம்பும் ஈயமும் கலந்த ஒரு படலம், அதற்கும் மேலே ஈயம்-வெள்ளீயப் பூச்சு. இந்தக் கடைசிப் பூச்சின் தடிமன் சுமார் 0.02 மில்லிமீட்டர், நம் தலைமுடியில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. கிராங்குக்கும் ஷெல்லுக்கும் நடுவே விடும் இடைவெளி, 50 மில்லிமீட்டர் விட்டத்துக்குச் சுமார் 0.05 மில்லிமீட்டர். அந்த இடைவெளியில் ஆயில். சுமை உச்சத்தில் இருக்கும்போது அந்த ஆயில் படலம் ஓரிரண்டு மைக்ரான் வரைக்கும் மெலிந்துபோகும்.

அதன்மேல் விழும் சுமை என்ன? எம்.எம். 540-ல் இருக்கும் பியூஜியோ எக்ஸ்.டி.பி. 4.90 என்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். 2112 சி.சி., போர் 90 மில்லிமீட்டர். எரியும்போது உச்ச அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 70 கிலோ என்று வைத்துக்கொண்டால்கூட பிஸ்டன் தலையில் நாலு டன்னுக்கு மேல் விழுகிறது. அந்த நாலு டன்னும் கனெக்டிங் ராட் வழியாக பிக் எண்டின் மேல் ஷெல்லில் உட்காருகிறது. உள்ளங்கையில் பாதிகூட இல்லாத தகட்டின்மேல்! நடுவே ஓரிரண்டு மைக்ரான் ஆயில். இது எப்படித் தாங்குகிறது?

"ஆயில் பம்ப் அழுத்தம்தான் தாங்குகிறது" என்று நம்மில் பலர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். பம்ப் தருவது சதுர அங்குலத்துக்கு 50, 60 பவுண்டு. அதை வைத்து நாலு டன்னைத் தூக்க முடியாது. உண்மையில் நடப்பதை 1883-ல் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற என்ஜினியர் தற்செயலாகக் கண்டுபிடித்தார். ரயில் அச்சு பேரிங்கை வைத்துப் பரிசோதனை செய்துகொண்டிருந்தார். ஆயில் விடுவதற்காகப் பித்தளை பேரிங்கின் மேல்பக்கம் ஒரு துளை போட்டார். அச்சு கீழே ஆயில் தொட்டியில் நனைந்தபடி சுழல, அந்தத் துளை வழியாக ஆயில் உள்ளே போவதற்குப் பதில் வெளியே வந்தது! ஒரு தக்கையை அடைத்தார், அது எழும்பி வந்தது. மரக்கட்டையைச் செருகினார், அதையும் மெல்லத் தள்ளி வெளியே போட்டது. கடைசியில் பிரஷர் கேஜ் மாட்டினார். பேரிங்கின் சராசரிச் சுமை சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு, கேஜ் முள்ளோ 200-ஐத் தாண்டி ஓடியது. மூன்று வருடம் கழித்து, 1886-ல், ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணக்கு எழுதினார். நாமெல்லாம் ஐந்தாவது செமஸ்டரில் மனப்பாடம் செய்து மறந்த அதே ரெனால்ட்ஸ்.

விஷயம் இதுதான். சுழலும் அச்சு தன்னோடு ஆயிலை இழுத்துக்கொண்டு ஒரு குறுகலான இடத்துக்குள் நுழைக்கிறது. ஆயில் அங்கே ஆப்பு மாதிரி மாட்டி, அச்சையே தூக்கிப் பிடிக்கிறது. பம்ப்பின் வேலை, கசிந்து போகிற ஆயிலுக்குப் பதில் புது ஆயிலைக் கொண்டுவந்து கொடுப்பது மட்டுமே. தண்ணீர் லாரியைப் போல. தூக்குகிற வேலையைச் செய்வது மூன்று பேர்: ஆயிலின் பாகுத்தன்மை, சுழலும் வேகம், சுமை. முதல் இரண்டும் கூடினால் படலம் தடிக்கும், சுமை கூடினால் மெலியும். ஆயில் டப்பாவில் எழுதியிருப்பது இந்த மூன்றில் ஒன்றைப் பற்றி மட்டும்தான். மற்ற இரண்டும் டிரைவரின் காலிலும் கையிலும் இருக்கின்றன.

சரி, முதலில் டப்பாவையே பார்ப்போம். 40 என்ற கிரேடு, 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு பாகாக இருக்கிறது என்பதைச் சொல்வது. 12.5-லிருந்து 16.3 சென்டிஸ்டோக்ஸுக்குள் இருந்தால் 40. அதற்குக் கீழே 9.3 வரை 30. மேலே 50. முன்னால் இருக்கும் 15டபிள்யூ, குளிரில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதற்கான எண். நல்ல 15டபிள்யூ-40 ஆயில்கூட 40 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போகும்போது ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காக இளகிவிடுகிறது. பேரிங் வேலை செய்யும் இடத்தில் சூடு இன்னும் அதிகம். அதனால்தான் 150 டிகிரியில், வேகமாக உரசும் நிலையில் அளக்கும் அளவு ஒன்று வைத்திருக்கிறார்கள், எச்.டி.எச்.எஸ். என்பார்கள். 15டபிள்யூ-40-க்கு அது குறைந்தபட்சம் 3.7 இருக்கவேண்டும் என்பது எஸ்.ஏ.இ. விதி. பேரிங்கைப் பொறுத்தவரை டப்பாவின் மற்ற வாசகங்களைவிட இந்த ஒரு எண் பெரிது. ஆனால் டப்பாவின் முன்பக்கம் இதை யாரும் அச்சடிப்பதில்லை, கார் படம்தான் போடுகிறார்கள்.

"அப்படியானால் 50 இன்னும் நல்லதுதானே?" என்று குன்னூர் நண்பர் கேட்பார். குன்னூரில் டிசம்பர் காலையில் வண்டியை எடுத்துப் பார்க்கட்டும். கனமான ஆயில் பிக் எண்டுக்குப் போய்ச் சேர நேரம் ஆகும். அதுவரை பேரிங், முந்தின நாள் ஒட்டிக்கொண்டிருந்த ஈரத்தில்தான் ஓடுகிறது. இன்னொன்று, கனமான ஆயில் குறைகளை மூடி மறைக்கும். பேரிங் தேய்ந்து இடைவெளி இரண்டு மடங்கானால், அதன் வழியாக ஆயில் கசிவது இரண்டு மடங்கு அல்ல, எட்டு மடங்கு. கேஜ் முள் கீழே விழும். அப்போது கனமான ஆயிலை ஊற்றினால் முள் மறுபடி எழுந்து நிற்கும், சத்தமும் கொஞ்சம் அடங்கும். பழைய வண்டி விற்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்! முள் எழுந்ததால் தேய்ந்த பேரிங் வளர்ந்துவிடவில்லை.

எழுத்துகளைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ஏ.பி.ஐ. என்று போட்டு 'சி'-யில் ஆரம்பித்தால் டீசலுக்கு, 'எஸ்'-ல் ஆரம்பித்தால் பெட்ரோலுக்கு. நம் ஜீப்புகள் வடிவமைக்கப்பட்ட காலத்தில் இருந்த சி.டி. எல்லாம் எப்போதோ வழக்கொழிந்து போயிற்று. 2002-ல் வந்த சி.ஐ.-4, 2016 டிசம்பரில் வந்த சி.கே.-4 இரண்டில் எது கிடைத்தாலும் பழைய என்ஜினுக்குத் தாராளம். சி.கே.-4-டோடு கூடவே வந்த எஃப்.ஏ.-4 மட்டும் வேண்டாம். அது எரிபொருள் சிக்கனத்துக்காக வேண்டுமென்றே மெல்லிசாகச் செய்தது, புது என்ஜின்களுக்கானது.

புது ஆயிலில் துத்தநாகம் குறைவு, பேரிங் போய்விடும் என்று ஒரு வதந்தி. அந்தச் சரக்கு முக்கியமாகக் காப்பது கேம், டாப்பெட் போன்ற இரும்போடு இரும்பு உரசும் இடங்களை. படலத்தின்மேல் மிதக்கும் பேரிங்குக்கு அது இரண்டாம் பட்சம். அந்தக் காலத்தில் டீசலில் கந்தகம் 1 சதவீதம் வரை இருக்கலாம் என்று விட்டிருந்தார்கள். எரிந்து, ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, பேரிங்கில் உள்ள ஈயத்தை அரித்தது. அதைச் சமாளிக்க ஆயிலில் காரச் சத்து நிறைய வேண்டியிருந்தது. 2020 ஏப்ரலிலிருந்து நம் நாட்டில் விற்கும் பி.எஸ். 6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்கு, அதாவது ஆயிரத்தில் ஒன்றாகக் குறைந்துவிட்டது. ஆகவே அந்தப் பயமும் பெரும்பாலும் போயிற்று. சிந்தெட்டிக்? நல்ல சரக்குதான். ஆனால் 5,000 கிலோமீட்டரில் மாற்றுகிற சாதாரண 15டபிள்யூ-40, 15,000 வரை இழுத்தடிக்கிற சிந்தெட்டிக்கைவிடப் பழைய என்ஜினுக்கு நல்லது என்பது என் கட்சி. பழைய டீசலில் புகைக்கரி ஆயிலில் இறங்கிக்கொண்டே இருக்கும், அதை வெளியே எடுக்க ஒரே வழி ஆயிலை இறக்குவது.

இப்போது வேகமும் சுமையும். இதில்தான் நம் ஆட்கள் பேரிங்கைக் கொல்கிறார்கள். சிக்கனம் என்று நினைத்து டாப் கியரிலேயே ஏற்றத்தில் போவது. என்ஜின் ஆயிரம் சுற்றில் முனகும், ஆக்ஸிலேட்டர் முழுசாக அழுத்தியிருக்கும். ரெனால்ட்ஸ் கணக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். வேகம் மூன்றில் ஒன்று, சுமையோ முழுசு. ஆப்பு சரியாக உருவாவதே இல்லை. 'என்ஜினைக் கத்தவிடாதே' என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கத்துவதைவிட முனகுவதுதான் பிக் எண்டுக்கு ஆபத்து. ஏற்றம் வந்தால் ஒரு கியர் இறக்குங்கள். நூறு ரூபாய் டீசல் கூடச் செலவாகட்டும்.

ஆஸ்திரேலிய நண்பருக்கு ஒரு விஷயம். 80 வரிசையில் 1எச்.டி.-டி என்ற டர்போ டீசல் என்ஜின் 1990-லிருந்து 1995 வரை வந்தது. 4164 சி.சி., ஆறு சிலிண்டர். பொதுவாக லட்சக்கணக்கில் ஓடும் என்ஜின், ஆனால் பிக் எண்ட் பேரிங் சீக்கிரம் தேயும் என்று பெயர் வாங்கிவிட்டது. விவரம் தெரிந்தவர்கள் சத்தம் வரும்வரை காத்திருக்காமல் சேம்பரை இறக்கி ஷெல்களை முன்கூட்டியே மாற்றிவிடுகிறார்கள். காரணம் ஷெல்லின் உலோகம் என்பார் ஒருவர், ஆயில் என்பார் இன்னொருவர். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். அதே கம்பெனியின் 1எச்.இசட். என்ஜினுக்கும் அதே 94 போர், அதே 100 ஸ்ட்ரோக். டர்போ இல்லாதது. அதற்கு இந்தக் கெட்ட பெயர் இல்லை. ஆயில் கடையில் இரண்டுக்கும் ஒரே ஆயில்தான் கொடுப்பார்கள். வித்தியாசம் டப்பாவில் இல்லை, பேரிங்கின் தலைமேல் விழுகிற சுமையில். ஆகவே நண்பரே, ஆயில் பிராண்டை ஆராய்கிற நேரத்தில் ஒரு சனிக்கிழமை சேம்பரைக் கழற்றி ஒரு ஷெல்லைப் பாருங்கள். ராட் தொப்பியைக் கழற்றினால் முதலில் கையில் வருவது கீழ் ஷெல். அது பளபளவென்று இருப்பதைப் பார்த்துத் திருப்திப்பட்டு மூடிவிடாதீர்கள். சுமை விழுவது மேல் ஷெல்லில். ராடைக் கொஞ்சம் மேலே தள்ளி அதையும் எடுத்துப் பாருங்கள்.

அழுக்கைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். இரண்டு மைக்ரான் படலத்துக்குள் பத்து மைக்ரான் மணல் துகள் நுழைந்தால் என்ன ஆகும்? ஈயப் பூச்சு மென்மையாக இருப்பதே அதை விழுங்கிப் புதைத்துக்கொள்ளத்தான். ஆனால் எவ்வளவுதான் விழுங்கும்? ஏர் கிளீனருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குழாயில் விரிசல் விட்ட ஜீப்புகளை எண்ணற்றுப் பார்த்திருக்கிறேன். ஃபில்டர் புத்தம் புதுசு, குழாயில் ஓட்டை!

இனி எஸ்டேட் கதைக்கு வருகிறேன்.

ஹெச்.டி. 40 ஊற்றியபின் ஜீப் அருமையாக ஓடியது. கேஜ் முள் கம்பீரமாக நின்றது. நான் சரியான முடிவு எடுத்ததாக நானே மெச்சிக்கொண்டேன். ஐந்தாவது மாதம், அதே ஏற்றம், அதே 'டக் டக்'. இந்த முறை வேறு டிரைவர். வண்டியைக் கட்டி இழுத்துப் பொள்ளாச்சிக்கே கொண்டுபோனோம். அங்கே பட்டறை வைத்திருந்த பெரியவர் சேம்பர் ஆயிலை ஒரு தட்டில் இறக்கினார். விரலில் தொட்டுத் தேய்த்தார், மோந்தார். பிறகு என்னிடமும் விரலை நீட்டினார். டீசல் வாடை குப்பென்று அடித்தது. பழைய மை ஒற்றும் தாள் ஒன்றில் ஒரு சொட்டு விட்டார். நடுவே கறுப்பு, அதைச் சுற்றி வெளிறிய அகலமான வளையம், டீசல் பிரிந்து ஓடிய வளையம். "தம்பி, சேம்பர்ல ஆயில் கூடிட்டே வந்திருக்குமே, யாரும் சொல்லலியா?" என்று கேட்டார்.

ஃபீட் பம்ப்பைக் கழற்றினால் டயாஃப்ரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு கிழிசல். கேம் தண்டு தள்ளும் பம்ப் அது. கிழிசல் வழியாக டீசல் நேராகச் சேம்பருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஆயிலில் ஐந்து சதவீதம் டீசல் கலந்தாலே 40 என்பது ஏறக்குறைய 30 ஆகிவிடும். ஹெச்.டி. 30-ல் கலந்தபோது அது 20 ஆகி முதல் பேரிங்கைத் தின்றது. நான் ஊற்றிய ஹெச்.டி. 40, அந்தக் கிழிசலை ஐந்து மாதம் என் கண்ணில் படாமல் மறைத்துவைத்தது, அவ்வளவுதான். முதல் தடவை என்ஜினை இறக்கியபோது அந்தப் பம்ப்பை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து அப்படியே திரும்ப மாட்டச் சொன்னவன் நான்.

பொள்ளாச்சியிலிருந்து திரும்பி வரும் 64 கிலோமீட்டரும் அந்தப் பெரியவரின் கேள்விதான் காதில். யாரும் சொல்லலியா? சொன்னார். சிரித்தேன்.

இரண்டாவது ரிப்போர்ட் எழுத எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. வேலை அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தபோது பெரிய துரை படித்துவிட்டு, "அப்போ முதல் ரிப்போர்ட்?" என்றார். "தப்பு சார்" என்றேன். மீதிப் பிடித்தம் நின்றது, பிடித்த 250 ரூபாயும் திரும்பக் கிடைத்தது. ஆனால் அந்த மெமோ அவர் ஃபைலிலேயே இருந்தது. அதை எடுக்கச் சொல்லி நான் எழுதிக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். இலை லாரியிலிருந்து அவர் ஜீப்புக்குத் திரும்பவும் இல்லை. நான் கூப்பிட்டேன். "லாரியே பழகிடுச்சு சார்" என்றார்.

1997-ல் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். ஓய்வு பெற்று உடுமலைப் பக்கம் மகள் வீட்டில் இருந்தார். டீ வாங்கிக் கொடுக்க நினைத்தேன், அவர் முந்திக்கொண்டு காசு கொடுத்துவிட்டார். எப்படி ஆரம்பிப்பது என்று நான் தவித்துக்கொண்டிருக்கும்போது அவரே கேட்டார், "அந்த ஜீப்பு என்ன ஆச்சு சார்?" ஏலத்தில் போய்விட்டது என்றேன். "நல்ல வண்டி. ஃபீட் பம்ப் புதுசு போட்டீங்கள்ல?" என்றார். போட்டோம் என்றேன். அதற்குள் அவர் பஸ் வந்துவிட்டது.

ஆகவே தென்னந்தோப்புக்காரருக்கும் குன்னூர்க்காரருக்கும் என் பதில்: நல்ல கம்பெனியின் 15டபிள்யூ-40, சி.ஐ.-4 அல்லது சி.கே.-4. எது மலிவாகக் கிடைக்கிறதோ அது. வராந்தாச் சண்டைக்கு இதற்குமேல் பதில் இல்லை. மிச்சமாகும் காசில் ஒரு சரியான ஆயில் பிரஷர் கேஜ் மாட்டுங்கள். டாஷ்போர்டில் இருக்கும் சிவப்பு விளக்கை நம்பாதீர்கள், அது எரிகிற நேரத்தில் காரியம் முடிந்திருக்கும். என்ஜின் நன்றாகச் சூடேறியபின் ஆயிரம் சுற்றுக்குப் பத்து பவுண்டு என்பது பழைய கணக்கு, இன்றும் கெட்டுப்போகவில்லை. முள் எங்கே நிற்கிறது என்று மாதம் ஒருமுறை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள், ஒரே இடத்தில், ஒரே சூட்டில் பார்த்து. டிப் ஸ்டிக்கையும் அப்படியே, வண்டி எப்போதும் நிற்கும் அதே சமதளத்தில், காலையில். குறைந்தால் ஊற்றுவது எல்லோருக்கும் தெரியும். கூடினால் அன்றைக்கு வண்டியை எடுக்காதீர்கள். டீசலா, ரேடியேட்டர் தண்ணீரா என்று பார்த்துவிட்டு அப்புறம் எடுங்கள். ஆயில் மாற்றும்போது இறக்கின ஆயிலை ஒரு வெள்ளைத் துணியில் வடிகட்டி வெயிலில் பிடித்துப் பாருங்கள். பளபளவென்று பொடி தெரிந்தால், வெள்ளி நிறமா செம்பு நிறமா என்று கவனியுங்கள். வெள்ளி என்றால் மேல்பூச்சு உதிர ஆரம்பித்திருக்கலாம், கொஞ்சம் அவகாசம் உண்டு. செம்பு என்றால் பேரிங்கின் அடுத்த படலம் வந்துவிட்டது, பட்டறைக்கு போன் செய்யுங்கள்.

இதோ, பையில் ஒரு காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறேன். 1983-ல் கழற்றிய முதல் செட், இரண்டாவது சிலிண்டர், மேல் ஷெல்லும் கீழ் ஷெல்லும். மூன்றாவது சிலிண்டருடையதைக் காட்ட முடியாது, அது உருகி ஒட்டிப்போயிற்று. முன்வரிசையிலிருந்து கைமாற்றி அனுப்புகிறேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கீழ் ஷெல்லில் சாம்பல் நிறம் அப்படியே இருக்கிறது. மேல் ஷெல்லின் நடுவே, உள்பக்கம், ஒரு விரல் அகலத்துக்குச் செம்பு தெரியும். விளிம்பு கூராக இருக்கும், கையைக் கிழித்துக்கொள்ளாதீர்கள். கடைசி வரிசைக்குப் போனதும் மறக்காமல் என்னிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி இருந்தால் டீ நேரத்தில் கேளுங்கள்.